தமிழிலிருந்து தமிழுக்கு

கெம்பம்மாவுக்கு மூன்று மொழிகள் தெரியும். ஒன்றிலும் எழுதப் படிக்கத் தெரியாது. பிறந்தது ஜவளகிரி, காட்டோரத்து வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தவள். பதினாறு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தது உத்தனப்பள்ளியிலிருந்து இரண்டு கல் உள்ளே தள்ளியிருந்த மேட்டுக்கொட்டாய்க்கு. புருஷன் ஆஞ்சப்பன் வீட்டில் தெலுங்கு. சந்தைக்கும் பஸ்ஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் தமிழ். எதிராளிக்கு எந்த மொழி சரியாக வராதோ அந்த மொழியில்தான் கெம்பம்மா சண்டை பிடிப்பாள் என்று ஊரில் சொல்வார்கள். அவளைக் கேட்டால், தான் யாரோடும் சண்டை பிடித்ததில்லை, கேட்டதையே மறுபடி கேட்டிருப்பேன், அவ்வளவுதான் என்பாள்.

அவளுக்கு ஒரே மகள், காவேரி. 1946இல், மூன்று வயதில், காவேரிக்குப் பத்து நாள் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் இறங்கியபின் கூப்பிட்டால் வருவதில்லை. பிடிவாதம் என்று நினைத்தார்கள். இரண்டொரு அடியும் விழுந்தது. ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் ராகி ஏற்றிய வண்டியை ஆஞ்சப்பன் களத்துக்கு ஓட்டிவந்தபோது, மாட்டுச் சலங்கை அவ்வளவு சத்தம் போட்டும், வழியில் உட்கார்ந்து மண் அளைந்துகொண்டிருந்த பிள்ளை திரும்பவில்லை. ஆஞ்சப்பன் குதித்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினான். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு பித்தளைத் தட்டும் கரண்டியும் எடுத்துவந்து, மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு தடவை ஓங்கி அடித்தான். தட்டைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "பிடிவாதம் இல்ல" என்றான்.

அன்று கெம்பம்மா சோறு தின்னவில்லை. அடித்த கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி டாக்டர், நரம்பு போய்விட்டது, இனி வராது என்றார். மெட்ராஸில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கேயே தங்கிப் படிக்கலாம் என்றும் சொன்னார். திரும்பி வந்த பஸ் ராயக்கோட்டையைத் தாண்டியது. பிறகு ஆஞ்சப்பன், "மெட்ராஸ்ல உட்டா நம்ம மூஞ்சியே மறந்துடும்" என்றான். "காது கேக்காத புள்ளைக்கு மூஞ்சிதான இருக்குது" என்றாள் கெம்பம்மா. மெட்ராஸ் பேச்சு அதோடு முடிந்தது.

மூஞ்சி என்று அவள் சொன்னது பின்னால் வேறு விதத்திலும் உண்மையாயிற்று. காவேரி வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். கெம்பம்மா அடுப்படியில் இருந்துகொண்டு "உப்பு" என்றால் உப்புச்சட்டி வந்தது. வெற்றிலை குதப்பிக்கொண்டு "உப்பு" என்றால் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. கெம்பம்மா வெற்றிலையை விட்டாள். ஊர்ப் பள்ளிக்கூடம் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்பதால், இனி பிள்ளையிடம் வீட்டிலும் தமிழ்தான் என்று முடிவு செய்தாள். ஆஞ்சப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் சந்தைக்குப் போதுமான தமிழ். ஆகவே மகளை அவன் கொஞ்சியதெல்லாம் மாட்டுக்கு விலை விசாரிப்பது போலவே இருந்தது. காவேரிக்கு அது தெரிய வழியில்லை. அப்பன் வாயைப் பார்த்துச் சிரித்தாள்.

1951 ஜூனில், எட்டு வயதில், மேட்டுக்கொட்டாய்ப் பள்ளியில் சேர்த்தார்கள். ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். வாத்தியார் சென்னப்பன், கல்லாவி என்ற ஊர்க்காரர். குள்ளம், பால் வடியும் முகம். முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஊரில் இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்து, "உங்க வாத்தியார் எங்கடா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு வைத்த மீசை. மேலுதட்டை மூடி, கீழுதட்டிலும் பாதியை மூடியிருந்தது. அதற்குப் பிறகு அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒன்றாம் வகுப்பில் தொந்தரவு இல்லை. எழுத்தைப் பார்த்து எழுதுவதுதானே. காவேரியின் எழுத்து அச்சு மாதிரி இருந்தது. இரண்டாம் வகுப்பில் 'சொல்வதை எழுதுதல்' வந்தது. காவேரி சிலேட்டைக் காலியாகக் கொடுத்தாள். பத்துக்குச் சுழி. அடுத்த வாரமும் சுழி. மூன்றாவது வாரம் கெம்பம்மா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"வாத்தியாரய்யா, கோச்சிக்காதீங்க. மூணு விசயம் கேக்கணும்."

"கேளும்மா."

"பொண்ணுங்கள பின்னால உக்கார வெக்கிறீங்க. எம் பொண்ண முன்னால உக்கார வெய்ங்க."

"ஆகட்டும்."

"போர்டப் பாத்துக்கிட்டுப் பேசறீங்க. அவளப் பாத்துப் பேசுங்க."

வாத்தியார் யோசித்தார். "முயற்சி பண்றேன். பழக்கம். மூணாவது?"

"காது கேக்காட்டியும் வாயப் பாத்தா அவளுக்குப் புரியுங்க. உங்க வாயி தெரியலீங்க."

"என் வாய் எங்கயும் போகலியே."

"மீசைக்குள்ள இருக்குதுங்க."

ஐந்து வகுப்பும் மீசையைப் பார்த்தது. மீசை தன் சொந்த விஷயம் என்று வாத்தியார் சொன்னார். அதை யார் இல்லையென்றார்கள், அந்த ஓரத்தில் கொஞ்சம் கத்தரித்தால் போதும் என்றாள் கெம்பம்மா. வாத்தியார் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட எழுந்து போய்விட்டார்.

காவேரி முன்வரிசைக்கு வந்தாள். வாத்தியார் பாதி நேரம் அவளைப் பார்த்துப் பேசினார். பத்துக்கு இரண்டு வந்தது. கெம்பம்மா வாரம் ஒருமுறை வாசலில் வந்து நின்று மூன்றாவது விஷயத்தை ஞாபகப்படுத்தினாள். ஐப்பசி வரை இப்படியே போனபின், மேலே எழுதிப் போடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள்.

கிருஷ்ணகிரியில் தாலுகா ஆபீஸ் புளியமரத்தடியில் மனு எழுதுபவர் ஒருவர் இருந்தார். ஆஞ்சப்பன் விஷயத்தைச் சொன்னான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"மனுவில் மீசை என்று எழுத முடியாது."

"அது மீசைதானுங்களே."

"மனுவுக்கு ஒரு நடை இருக்கிறது. நீ பேசாமல் இரு, நான் எழுதுகிறேன்."

அவர் எழுதியது இது: 'மேற்படி ஆசிரியரின் முகத்தில் நெடுநாளாக நிலவிவரும் இடையூறானது மேற்படி சிறுமியின் கல்விக்குப் பாதகமாயிருப்பதால், கனம் அதிகாரி அவர்கள் அதை நீக்கித் தரும்படி மிகவும் தாழ்மையுடன் பிரார்த்திக்கிறேன்.' ஆஞ்சப்பன் கைநாட்டு வைத்தான்.

ஆறு வாரம் கழித்து மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது, சென்னப்பன் வாத்தியாருக்கு. அவர் முகத்தில் உள்ளதாகத் தெரிவிக்கப்படும் நோய் தொற்றக்கூடியது அல்ல என்று அரசாங்க டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி அனுப்ப வேண்டும் என்று இருந்தது. வாத்தியார் இரண்டு நாள் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுக் கிருஷ்ணகிரிக்குப் போனார். டாக்டர் அவரை வெளிச்சத்தில் நிறுத்தி, கன்னம், நெற்றி, மோவாய், காதுமடல் எல்லாவற்றையும் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சர்டிபிகேட்டோடு வாத்தியார் நேராகக் கெம்பம்மாவின் அவரைக்காட்டுக்கே வந்தார். கெம்பம்மா காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சுக் காட்டட்டுமா?"

"சொல்லுங்க."

அவர் படித்தார். முழுவதும் படித்தார். டாக்டரின் கையெழுத்து, தேதி வரைக்கும் படித்தார். கெம்பம்மா முந்தானையில் இருந்த அவரைக்காயைக் கீழே வைத்தாள்.

"நாங்க அப்பிடி எழுதச் சொல்லலீங்க."

"ஆஸ்பத்திரியில் ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல இருந்தவன் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தான்."

"தப்புதாங்க," என்றாள் கெம்பம்மா.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்ட ஊர்க்காரர்கள் குறைவு. வாத்தியாருக்கு அது தெரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கெம்பம்மா மூன்று நாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. பிள்ளையின் பெயரை அடித்துவிடுவாரோ என்று பயம். அவர் அடிக்கவில்லை. காவேரி முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள், ஒரு கூடை அவரைக்காயோடு கெம்பம்மா வாத்தியார் வீட்டுக்குப் போனாள். வாத்தியார் இல்லை. அவர் மனைவி ருக்மணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கெம்பம்மா நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். ருக்மணி கேட்டுக்கொண்டே புடைத்தாள்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்றாள் கடைசியில். "எனக்கே அவர் சொல்றது பாதி புரியறதில்ல."

இந்தப் பேச்சு வாத்தியாருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கெம்பம்மாவுக்குத் தெரியவில்லை. ஆனால் 1953 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது வாத்தியாரே கூப்பிட்டனுப்பினார். அந்த வருஷம் கிராமத்துப் பள்ளிகளை மூன்று மணி நேரமாகக் குறைத்து உத்தரவு வந்திருந்தது.

"பாரும்மா, மீசையை விட்டுடு. நான் ஒரு வரி சொல்றேன். நீ என் பக்கத்துல நின்னு அதையே உன் பிள்ளையப் பார்த்துச் சொல்லு. உனக்கு மீசை இல்ல."

"தினம் வரணுங்களா?"

"தினம் பாடம் நடக்குதே."

மறுநாளிலிருந்து கெம்பம்மா வந்தாள். விடிகாலையிலேயே களி கிளறி வைத்துவிட்டு, மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு, பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு இடப்பக்கம் நின்றாள். மூன்றாம் வகுப்பின் முறை வரும்போது வாத்தியார் ஒரு வரி சொல்வார். நிறுத்துவார். கெம்பம்மா அதே வரியை, உதட்டை நன்றாகப் பிரித்து, காவேரியைப் பார்த்துச் சொல்வாள். பாடம் பாதி வேகத்தில் நடந்தது. எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டார்கள். வருஷ முடிவில் மூன்றாம் வகுப்பில் ஒருவர்கூடத் தவறவில்லை. காவேரிக்குச் சொல்வதை எழுதுதலில் பத்துக்கு ஒன்பது.

இப்படி மூன்று வருஷம் நின்றதில், கங்கை எங்கே உற்பத்தியாகிறது, பதினாறாம் வாய்ப்பாடு, அசோகர் செய்த நற்காரியங்கள், வெண்டைச் செடிக்கு உரம் வைக்கும் முறை எல்லாம் கெம்பம்மாவுக்கு மனப்பாடம் ஆயின. எழுத்து மட்டும் ஒன்றுகூடப் படியவில்லை. அவள் எப்போதும் பிள்ளையைப் பார்த்தே நின்றாள். கரும்பலகை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இதற்கிடையில், 1954இல், அந்த மூன்று மணி நேர உத்தரவை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் மறுபடி முழு நாளாயிற்று. முழு நாளும் கெம்பம்மா நின்றால் காட்டு வேலை நின்றுவிடும். மத்தியானத்துக்கு ஆஞ்சப்பன் போவதென்று ஆயிற்று. அவனுக்கும் மீசை இருந்தது. வாத்தியாருடையது அளவுக்கு இல்லை, ஆனாலும் மீசை. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் உத்தனப்பள்ளிக்குப் போய் மழுங்க வழித்துக்கொண்டு வந்தான்.

வழியில் ஊர்க்காரன் ராமப்பன் வண்டியை நிறுத்தினான். "ஐயோ, உங்க ஊட்ல யாரு?"

"யாரும் சாவல. பொண்ணு படிக்குது."

ராமப்பன் அதைப் பற்றி யோசித்தபடியே வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

ஆஞ்சப்பனின் சந்தைத் தமிழ் பாடத்தைக் கொஞ்சம் மாற்றியது. 'அசோகர் சாலையோரங்களில் மரங்களை நட்டார்' என்று வாத்தியார் சொன்னால், அவன் "அசோகரு ரோட்டுல மரம் வெச்சாரு" என்றான். காவேரி அப்படியே எழுதினாள். வாத்தியார் சிவப்பு மையில் அடித்தார். அடித்துவிட்டு, முழுக்கத் தப்பு இல்லை என்று பாதி மார்க் போட்டார்.

ஆஞ்சப்பன் வந்து நின்ற இரண்டாவது வாரம், திங்கட்கிழமை, சென்னப்பன் வாத்தியார் மெல்லிய கோடு போன்ற மீசையோடு பள்ளிக்கூடம் வந்தார். இரண்டு உதடும் தெரிந்தன. நாவிதர் கை நழுவிவிட்டது என்று சொன்னார். அடுத்த மாதமும் நழுவியிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கெம்பம்மா, கேட்கக்கூடாது என்று புருஷனிடம் சொல்லி வைத்திருந்தாள். அதன்பிறகு கஷ்டமான பாடங்களுக்கு மட்டும் அவர்கள் வந்தால் போதுமென்று ஆயிற்று. வழக்கம் போல இருவரும் எல்லாப் பாடத்தையும் கஷ்டமான பாடம் என்று கருதினார்கள்.

1956 மாசியில் ஐந்தாம் வகுப்பைப் பரீட்சிக்க டெபுடி இன்ஸ்பெக்டர் முனீர் அகமது வந்தார். உயரமானவர், சுத்தமாகச் சவரம் செய்த முகம். ஜீப் வராத ஊர் என்பதால் உத்தனப்பள்ளியிலிருந்து நடந்தே வந்தார். உள்ளே நுழைந்ததும் வாத்தியார் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார்.

"இவங்க யாரு? ஆசிரியையா?"

"இல்லீங்க சார்."

"மாணவியா?"

"இல்லீங்க சார். மொழிபெயர்ப்பாளர்."

"எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு?"

வாத்தியார் கைகளைக் கட்டிக்கொண்டார். "தமிழிலிருந்து தமிழுக்கு, சார்."

முனீர் அகமது நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கமாகச் சொல்லச் சொன்னார். வாத்தியார் சொன்னார், ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டை மட்டும் விட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் காவேரியைப் பார்த்து ஐந்து வரி சொன்னார். ஐந்தும் பிழையில்லாமல் வந்தன. கணக்கும் போட்டாள். பிறகு வாசிப்பு. புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். காவேரி வாசித்தாள். மூன்று வயதில் நின்றுபோன குரல் அது. ஏற்ற இறக்கம் தெரியாது, சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டது. வீட்டாருக்கும் வாத்தியாருக்கும் புரிந்தது. இன்ஸ்பெக்டருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"எனக்கு வருத்தந்தான்," என்றார். "ஆனால் வாசிப்புக்குத் தனி மார்க். அதில் தவறினால் வகுப்பில் தவறியதாகத்தான் அர்த்தம். விதி அப்படி."

கெம்பம்மா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"சார ஒண்ணு கேக்கட்டுங்களா. வாசிக்கச் சொல்றது எதுக்குங்க?"

"படிச்சது விளங்குதான்னு பார்க்க."

"விளங்குச்சுன்னு அவ வேற மாதிரி காட்டினா ஆவாதுங்களா? வாயத் தெறக்கறதுதான் படிப்புன்னா எங்க ஊர்ல எல்லாரும் பாஸுங்க."

வாத்தியார் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்த பலகை.

முனீர் அகமது பேனாவைத் திறந்தார். பிறகு ஒரு தாளில் நாலு வரி எழுதி, காவேரியிடம் நீட்டினார். யாரும் வாய் அசைக்கக்கூடாது என்று மற்றவர்களிடம் சொன்னார். காவேரி படித்தாள். எழுந்தாள். வெளியே போய் வேப்பமரத்தில் சாத்தியிருந்த இன்ஸ்பெக்டரின் குடையை எடுத்துவந்து வாத்தியாரிடம் கொடுத்தாள். சன்னலைச் சாத்தினாள். பிறகு கதவையும் சாத்தினாள். அறை இருண்டுவிட்டது.

"நன்று," என்று இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது. "எழுதியபடியே செய்திருக்கிறாய்."

"இருட்டுல சொன்னா அவளுக்குத் தெரியாதுங்க," என்றாள் கெம்பம்மா.

இன்ஸ்பெக்டர் எழுந்து தாமே கதவைத் திறந்தார். வெளிச்சத்தில் காவேரியின் எதிரே குனிந்து, மறுபடியும் முதலிலிருந்து அதையே சொன்னார். காவேரி தலையாட்டினாள். கெம்பம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தியதில் புழுக்கமாக இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

பதிவேட்டில் முனீர் அகமது எழுதியது: 'வாசிப்பு: பொருள் உணர்ந்து வாசிக்கிறாள். தேர்ச்சி.' மொழிபெயர்ப்பாளரைப் பற்றி எழுத அதில் இடம் இல்லை. பக்க ஓரத்தில் 'பெற்றோர் ஒத்துழைப்பு உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் காவேரியை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போனார்கள். தலைமையாசிரியர் வெங்கடப்பன், சேலம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். விண்ணப்பத்தை அவரே நிரப்பினார்.

"தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"அஞ்சாவது வரைக்கும் பாடம் தெரியுங்க. எழுத்து தெரியாது."

அதற்கு விண்ணப்பத்தில் வழி இல்லை. 'இல்லை' என்று எழுதினார். கெம்பம்மா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, "சார், மூணு விசயம் கேக்கணும்" என்று ஆரம்பித்தாள்.

காவேரி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். பதின்மூன்று வயதாகிவிட்டது, அம்மாவின் தோளுக்கு இருந்தாள். மேசைமேல் இருந்த துண்டுத்தாளை எடுத்து நின்றவாக்கிலேயே எழுதி, தலைமையாசிரியரிடம் நீட்டினாள். அவர் படித்தார். காவேரியை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"என்னாங்க எழுதியிருக்கறா?" என்றாள் கெம்பம்மா.

"'எனக்குக் காது கேட்காது. முன்னால் உட்கார வேண்டும். பேசும்போது என்னைப் பார்த்துப் பேசினால் எழுதிவிடுவேன். அம்மாவும் அப்பாவும் வீட்டுக்குப் போகலாம்.'"

"கடைசியில இருக்கறதும் அவ எழுதுனதுதானுங்களா?"

"ஆமாம்மா. அச்சு மாதிரி இருக்கு."

கெம்பம்மா மகளைப் பார்த்தாள். காவேரி, சரிதானே என்பது போல நின்றாள். ஆஞ்சப்பன் ஏற்கெனவே வாசல்படி இறங்கிவிட்டான். அவள் மட்டும் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்று, உள்ளே குரல் கேட்கிறதா என்று பார்த்தாள். வாத்தியார் யாரோ பூகோளம் நடத்திக்கொண்டிருந்தார். வேகமாக நடத்தினார்.

"வா," என்றான் ஆஞ்சப்பன். "களையெடுக்கணும்."

அவர்கள் போனார்கள். காவேரி 1959இல் எட்டாம் வகுப்புத் தேறினாள்.